திருமணமும் அரசாங்கமும்

(ஆதம்பாக்கத்தில் நமது பங்கின் வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற குடும்பக் கருத்தரங்கில், திருமண ஆயத்த வகுப்புக் குழுவினர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

விழாக் குழுவினர் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு வேறு. ‘குடும்பம் ஒரு குட்டித் திருச்சபை' என்பது அது. நல்ல தலைப்புத்தான். ஆயினும் அதைப்பற்றி ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். எங்கள் வகுப்புக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வியோ வேறாக இருக்கிறது. ‘ஒரே பாலினத்தவர் திருமணம் பற்றி உச்ச நீதிமன்றம் என்ன தீர்ப்புச் சொன்னது?' என்று மணமக்கள் கேட்கிறார்கள். ‘நாளைக்கு நம் கோவிலிலும் அப்படிக் கலியாணம் செய்துவைக்கச் சொல்லிச் சட்டம் வந்துவிடுமோ?' என்று கூடவரும் பெரியவர்கள் கேட்கிறார்கள். இரண்டுக்கும் விடை தேடி நாங்கள் படித்தவற்றை உங்கள்முன் வைப்பதற்காகவே தலைப்பை மாற்றிக் கேட்டு வாங்கினோம். கோவில் வளாகத்தில் இதைப் பேசலாமா என்று ஒருவர் கேட்டார். கோவில் வளாகத்தில் பேசாவிட்டால் நம் பிள்ளைகள் வேறெங்கோ போய்ப் பேசிக்கொள்வார்கள் என்பதே எங்கள் பதில்.

வழக்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்த இருவர் மனமொத்துத் தனிமையில் வாழ்வதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகக் கொள்ள இயலாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றமில்லை என்றான பிறகு, அடுத்த கேள்வி இயல்பாகவே எழுந்தது: அவர்கள் திருமணம் செய்துகொள்ளலாமா? 2022 நவம்பரில் இரண்டு இணையர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். பல உயர் நீதிமன்றங்களில் இருந்த இதே போன்ற மனுக்களும் ஒன்றுசேர்க்கப்பட்டன. சுப்ரியோ வழக்கு என்று வழங்கும் இதனை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 ஏப்ரல் 18 முதல் மே 11 வரையில் பத்து நாட்கள் கேட்டது. அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தையோ, நமது கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தையோ, எந்த மதத்தின் தனிச் சட்டத்தையுமோ இவ்வழக்கில் ஆராயப் போவதில்லை என்று விசாரணையின் தொடக்கத்திலேயே நீதிமன்றம் ஒதுக்கி வைத்துவிட்டது. மனுதாரர்கள் கேட்டது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் இடம். அஃதாவது, கோவிலோ, ஐயரோ, காஜியோ இல்லாமல், பதிவாளர் முன்னிலையில் நடக்கும் திருமணத்தில் இடம். ஆகவே பெரியவர்களின் கேள்விக்கு முதல் விடை இதுதான்: நம் பீடம் அந்த வழக்கில் பேச்சிலேயே இல்லை.

அப்படியானால் நமக்கு ஏன் இவ்வளவு கலக்கம்? காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நம் கோவிலின் சக்கிறீஸ்து அறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

திருமணத் திருப்பலி முடிந்ததும், படம் எடுப்பவர் ஒருபுறமும் உறவினர் மறுபுறமும் இழுக்க, மணமக்கள் முதலில் போகவேண்டிய இடம் அங்கே விரித்து வைத்திருக்கும் திருமணப் பதிவேடு. மணமகன், மணமகள், சாட்சிகள், குருவானவர் ஆகியோர் அதில் கையெழுத்திடுகிறார்கள். அந்தப் பதிவேடு யாருடையது? கோவிலுடையது என்பீர்கள். அது பாதி உண்மை. 1872ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. கிறிஸ்தவர் ஒருவரின் திருமணம் அச்சட்டம் சொல்லும் ஆட்களில் ஒருவரால் நடத்தப்படாவிட்டால் அது செல்லாது என்பது அதன் 4ஆம் பிரிவு. ஆயரிடம் குருப்பட்டம் பெற்றவர் அந்த ஆட்களில் முதலாமவர். அவர் அரசாங்கத்திடம் தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. வேறு பல சபைகளின் போதகர்கள் வாங்கவேண்டும். 30ஆம் பிரிவின்படி, கத்தோலிக்கக் குருவானவர் நடத்தும் திருமணங்கள் ஆயர் வகுத்த படிவத்திலே பதிவாகும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை அந்தப் பதிவுகள் அரசாங்கப் பதிவாளருக்குப் போகும். காலை ஆறு மணிக்கு மேல் மாலை ஏழு மணிக்குள் திருமணம் நடக்கவேண்டும் என்றுகூட அச்சட்டம் சொல்கிறது. அதற்கு வெளியே நடத்துவதற்கு நம் குருவானவர் ஆயரின் அனுமதி பெற்றிருக்கவேண்டும். பெண் அலங்காரம் முடிந்து வர நேரமானால் பங்குத் தந்தை கைக்கடிகாரத்தைப் பார்ப்பது பசியினால் மட்டுமல்ல!

சாந்தோம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பேராலயத்தையும் பார்த்திருப்பார்கள். அதே சாலையிலுள்ள பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்தையும் பார்த்திருப்பார்கள். நமது திருமணம் இந்த இரண்டு வாசலையும் ஒரே கையெழுத்தில் கடந்துவிடுகிறது. பிரெஞ்சுச் சட்டம் செல்லுமிடத்தில் அப்படியன்று. 1792 முதல் அங்கே நகரசபையில் அரசாங்கத் திருமணம் முதலில். கோவிலில் திருவருட்சாதனம் பிறகு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள உறவினர் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே 2013இல் ஒரே பாலினத்தவர் திருமணத்தை அரசாங்கம் ஏற்றபோது, அது நகரசபையின் வாசலோடு நின்றது. நம் நாட்டில் இரண்டும் ஒரே ஏட்டில், ஒரே பேனாவால் எழுதப்படுவதால், ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட்டதாக நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் உண்மையிலேயே இரண்டும் ஒன்றல்ல என்பதை நமது நாட்டின் நீதிமன்றங்களே நமக்குப் பலமுறை சொல்லிவிட்டன. 1972இல் ஒரு வழக்கில், நெருங்கிய இரத்த உறவில் நடந்த கத்தோலிக்கத் திருமணம் செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கத்தோலிக்கருக்கு யார் யாரை மணக்கலாம் என்பதைத் திருச்சபைச் சட்டத்தைக் கொண்டே பார்க்கவேண்டும். திருச்சபை முறையாக விலக்கு அளித்திருந்தால் அத்தடை நீங்கிவிடும் என்று நீதிமன்றம் கொண்டது. கேட்க நமக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. 1996இல் வந்த மோலி ஜோசப் வழக்கோ நேர்மாறு. கேரளத்துப் பெண் ஒருவரின் முதல் திருமணத்தைத் திருச்சபை நடுவர் மன்றம் செல்லாது என்று அறிவித்தது. அதன்பேரில் அவர் மறுமணம் செய்தார். பிறகு அந்த இரண்டாம் கணவரே நீதிமன்றத்துக்குப் போய், முதல் திருமணம் சட்டப்படி முறியவில்லை, ஆகவே என் திருமணம் செல்லாது என்றார். உச்ச நீதிமன்றம் அவர் சொன்னதே சரி என்றது. திருச்சபையின் தீர்ப்பு மனச்சான்றைக் கட்டலாம், அரசாங்கத்தின் சட்டத்தைக் கட்டாது என்பது அதன் சாரம். 2017இல் இதை மாற்றக்கோரி வந்த பொதுநல மனுவும் தள்ளுபடியாயிற்று.

இந்தச் சட்ட நுணுக்கம் எதற்கு என்று கேட்காதீர்கள். மறைமாவட்ட நடுவர் மன்றத்தின் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ‘எல்லாம் முடிந்துவிட்டது, அடுத்த வரன் பார்க்கலாம்' என்று வருகிற குடும்பங்களை இன்றைக்கும் நாங்கள் பார்க்கிறோம். சிவில் கோர்ட்டின் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்தால், பிறக்கும் குழந்தைவரையில் சிக்கல் போகும். அப்படிப்பட்ட திருமணத்தை ஆயரின் அனுமதியின்றி நடத்தலாகாது என்று திருச்சபைச் சட்டத்தின் 1071ஆம் விதியே சொல்கிறது.

மறுபக்கமும் உண்டு. 1869ஆம் ஆண்டு முதலே கிறிஸ்தவர்களுக்கு அரசாங்கம் மணமுறிவுச் சட்டம் வைத்திருக்கிறது. மனைவி மணமுறிவு கேட்டால் கணவனின் விபசாரத்தோடு கொடுமையோ கைவிடுதலோ சேர்த்து நிரூபிக்கவேண்டும், கணவனுக்கு விபசாரம் ஒன்றே போதும் என்று ஓரவஞ்சனையாக இருந்த அச்சட்டம் 2001இல்தான் திருத்தப்பட்டது. இருவர் சம்மதத்தின்பேரிலும் முறிக்கலாம் என்ற பிரிவும் அப்போது சேர்ந்தது. திருச்சபையின் போதனை அதனால் ஓர் எழுத்தும் மாறவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசாங்கம் முறித்துவைக்கும் திருமணத்தைத் திருச்சபை முறிந்ததாகக் கொள்வதில்லை. எந்தக் குருவானவரையும் எந்தக் கோர்ட்டும் மறுமணம் நடத்திவைக்கும்படி கட்டாயப்படுத்தியதுமில்லை. அரசியல் சாசனத்தின் 25, 26ஆம் பிரிவுகள் நமக்குக் காவலாக இருக்கின்றன. அயர்லாந்து நம்மைவிடப் பழைய கத்தோலிக்க நாடு. 2015 மே 22 அன்று பொதுவாக்கெடுப்பு நடத்தி ஒரே பாலினத்தவர் திருமணத்தை ஏற்றுக்கொண்டது. அங்கும் எந்தக் குருவானவரும் அதை நடத்திவைக்க வேண்டியதில்லை.

நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. புரோகிதர் இல்லாமல், ஓமம் இல்லாமல், உற்றார் முன்னிலையில் மாலை மாற்றிச் செய்துகொண்ட சுயமரியாதைத் திருமணங்களை 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று கூறிவிட்டது. அப்படி மணந்தவர்களின் மனைவி சட்டத்தின் கண்ணில் மனைவியில்லை என்றாயிற்று. பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குள்ளாயிற்று. அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது 1967இல் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கியது. இன்னாரைக் கணவராக, இன்னாரை மனைவியாக ஏற்கிறேன் என்று இருவருக்கும் புரிந்த மொழியில் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும் என்பது அதன் விதி. அதனால் எந்தக் கோவில் குருக்களும் வேலையிழக்கவில்லை. சுயமரியாதைத் திருமணத்தைப் பற்றிக் கோவில் மேடையில் பேசுவதைக் கேட்டுச் சில பெரியவர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆனால் அன்பர்களே, நமது திருவருட்சாதனத்தின் உயிர்நாடியும் அந்த வாய்மொழிச் சம்மதமே அன்றோ! மேற்கத்திய மரபில் திருமணம் என்னும் திருவருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குபவர்கள் மணமக்களே. குருவானவர் திருச்சபையின் பெயரால் அச்சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறார். குருவானவரும் இரண்டு சாட்சிகளும் இருந்தாக வேண்டும் என்ற கட்டளைகூட 1563இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் விதித்ததுதான். சம்மதம் என்னும் இச்சொல்லுக்குப் பின்னால் மறுபடியும் வருவோம்.

இப்போது தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளும் ஒத்துச் சொன்னவை உண்டு. திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அன்று. சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் திருத்தி எழுத இயலாது; அது நாடாளுமன்றத்தின் வேலை. திருநங்கையரும் திருநம்பியரும், ஆண் பெண் என்ற முறையில் அமையும் திருமணத்தை இப்போதுள்ள சட்டங்களின்படியே செய்துகொள்ளலாம். இந்தக் கடைசி விஷயத்தில் நம் மாநிலம் நான்கு ஆண்டு முந்திக்கொண்டது. தூத்துக்குடியில் ஒரு கோவிலில் ஓர் இளைஞர் திருநங்கை ஒருவரை மணந்தார். பதிவாளர் பதிவு செய்ய மறுத்தார். ‘மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று மதுரைக் கிளையின் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்தார்.

நீதிபதிகள் பிரிந்த இடம் வேறு. இத்தகைய இணையரின் கூட்டு வாழ்க்கைக்கு அரசாங்கம் ஏதேனும் ஒரு சட்ட அங்கீகாரம் தரவேண்டும், அவர்கள் குழந்தையைத் தத்தெடுக்கவும் அனுமதிக்கவேண்டும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி கௌல் ஆகிய இருவர் சொன்னார்கள். நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா ஆகிய மூவர் மறுத்தார்கள். அரசாங்கம் தோன்றுவதற்கு முன்பே திருமணம் இருந்தது. அதைச் சமுதாயம் உண்டாக்கியது, அரசு உண்டாக்கவில்லை. ஆகவே புதிதாக ஓர் உறவு முறையை உண்டாக்கிக் கொடு என்று அரசைக் கட்டாயப்படுத்த இயலாது என்பது நீதிபதி பட் காட்டிய காரணங்களில் ஒன்று. குடும்பம் அரசுக்கு முந்தியது என்பது நமக்குப் பழகிய வாதம். 1891இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தமது சுற்றுமடலில் அதைச் சொல்லியிருக்கிறார். அவர் அதைச் சொன்னது அரசாங்கம் வீட்டுக்குள் அத்துமீறி நுழையாதிருக்க. இங்கே அது அரசாங்கத்தைக் கடமையிலிருந்து விடுவிக்கப் பயன்பட்டது. ஒரே வாதம் இரண்டு வேலை செய்வதைப் பார்க்க எங்களுக்கு வியப்பாகத்தான் இருந்தது.

மறு ஆய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடியாயின. ஆகவே சட்டம் இன்றைக்கு நிற்கும் நிலை இதுதான். இடையில் 2024 ஏப்ரலில் மத்திய அரசு அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. சேர்ந்து வாழ்பவர்களை ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கொள்ளலாம், வங்கியில் கூட்டுக் கணக்குத் திறக்கத் தடையில்லை, நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலை இணையர் பெற்றுக்கொள்ளலாம் என்று அவ்வாண்டிலேயே சில உத்தரவுகள் சென்றன.

திருச்சபை என்ன சொல்கிறது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். திருமணம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வாழ்நாள் முழுமைக்கும் செய்யும் உடன்படிக்கை என்ற போதனையில் மாற்றமில்லை. ஒரே பாலினத்தவரின் உறவுக்குச் சட்டம் திருமண அங்கீகாரம் தருவதைக் கத்தோலிக்கர் எதிர்க்கவேண்டும் என்று 2003இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆவணம் வெளியிட்டது. அதே ஆவணம், எல்லாக் குடிமக்களையும் போலப் பொதுச் சட்டத்தின் வழிகளைக்கொண்டு தங்கள் உரிமைகளைக் காத்துக்கொள்ள அவர்களுக்குத் தடையில்லை என்றும் சொல்கிறது. 2023 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிசு ஒப்புதலுடன் வந்த அறிக்கை, திருமணச் சடங்கைப் போலத் தோன்றாத வகையில், ஆசி கேட்டு வரும் அவர்களுக்குக் குருவானவர் ஆசி வழங்கலாம் என்றது. அவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கவேண்டும், அநியாயமாக ஒதுக்கலாகாது என்பது 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூலிலேயே இருக்கிறது. ரேஷன் கார்டும் வங்கிக் கணக்கும் இறந்தவர் உடலும் நம் திருமணத்தைக் குலைத்துவிடும் என்று நாங்கள் கருதவில்லை. இஃது எங்கள் குழுவின் அபிப்பிராயம்; பங்குப் பேரவையின் அபிப்பிராயமன்று.

அரசாங்கத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். உண்மையில் எங்களை இந்தத் தலைப்புக்கு இழுத்து வந்தது டில்லி அல்ல, வீடு.

தீர்ப்பு வந்து ஒன்றரை ஆண்டு கழித்து, 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஓர் ஆட்கொணர்வு வழக்கில் தீர்ப்பளித்தது. வேலூர்ப் பக்கத்தில் இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் பெற்றோர் வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய தோழி மனு செய்தார். பெண்ணை நேரில் விசாரித்த நீதிபதிகள் சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும், அவர் விரும்பியவரோடு செல்லலாம், குடும்பத்தார் தடுக்கலாகாது என்றார்கள். திருமணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லையாயினும், குடும்பமாக வாழ்வதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும் சொன்னார்கள். அதற்கு முன், 2021இல், மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதுபற்றித் தமக்கே போதிய தெளிவில்லை என்று கூறி, ஒரு மனநல நிபுணரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்த பிறகுதான் தீர்ப்பு எழுதினார். இவர்களை ‘மாற்றிவிடுகிறேன்' என்று வைத்தியம் செய்வதையும் தடுத்தார். நீதிபதி ஒருவர் தமக்குத் தெரியாது என்று சொல்லிப் படித்துக்கொள்ளலாமென்றால், பெற்றோராகிய நாம் ஏன் கூடாது?

ஒரு தாயார் எங்களிடம் வந்தார். மகனுக்குப் பெண் பார்த்து, ஓலை வாசிக்கக் கொடுக்கும் நிலை. ‘அவன் மனசு பெண்கள் பக்கம் போகாதென்று எனக்குத் தெரியும். கலியாணம் ஆனால் சரியாகிவிடும்' என்றார். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமும் மகன் மேல் பாசமும் கலந்து, அவர் கண்களில் நீர். அவரைக் குறை சொல்ல எங்களால் இயலாது. ஆனால் நாங்கள் கேட்டது: அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா?

அன்பர்களே, ஓலை வாசிப்பது எதற்கு? இத்திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு ஊரைக் கேட்கிறோம். ஊருக்குத் தெரியாத தடை ஒன்று, பெற்றவளுக்குத் தெரிந்தும் மறைக்கப்பட்டால்? சம்மதம் என்னும் சொல்லுக்கு இப்போது வருகிறோம். திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே, அதை வேறு எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய இயலாது என்பது 1057ஆம் விதி. வேறு எந்த மனித அதிகாரமும் என்றால், தாயும் தகப்பனும் அதில் அடக்கம். வற்புறுத்தலாலோ, தப்பிக்க வேறு வழியில்லாத பயத்தாலோ நடந்த திருமணம் செல்லாது என்பது 1103ஆம் விதி. தாம்பத்திய வாழ்வைப் பெரிதும் குலைக்கக்கூடிய ஒன்றை மறைத்து, ஏமாற்றிப் பெற்ற சம்மதமும் செல்லாது என்பது 1098ஆம் விதி. ஆகவே அந்தத் தாயார் நடத்தவிருந்தது திருவருட்சாதனமாக இராது என்றே நாங்கள் அஞ்சினோம். கோவில் நிறைந்திருக்கும், பாடகர் குழு பாடும், பிரியாணி பரிமாறப்படும். சம்மதம் மட்டும் இராது.

அதன் பிறகு நடப்பது என்ன? பத்து மாதத்திலோ பத்து வருடத்திலோ அந்தப் பெண் தாய்வீட்டுக்கு வருகிறாள். குற்றம் முதலில் அவள்மேல்தான் சுமத்தப்படும். பிறகு மறைமாவட்ட நடுவர் மன்றத்துக்கு நடக்கவேண்டும். அங்கே வாய்விட்டுச் சொல்லத் தகாதவற்றையெல்லாம் சொல்லவேண்டும். அங்கே தீர்ப்பு வாங்கினாலும், முன்பு சொன்னபடி, சிவில் கோர்ட்டுக்கு வேறாக நடக்கவேண்டும். ஒரே பேனாவால் எழுதிய கையெழுத்தை அழிக்க இரண்டு கோர்ட்டுகள். அந்தப் பையனோ தன் குடும்பத்துக்காக ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்தோமே என்று தன்னையே வெறுத்துக்கொண்டு திரிவான். அப்படிப்பட்டவர்கள் எடுத்த முடிவுகளைப் பற்றி இந்த விழா மேடையில் விரித்துச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும்.

அரசாங்கம் திருமணத்தைக் கெடுத்துவிடுமோ என்று பயப்படுகிற நாம், நம் கையாலேயே பீடத்தின்முன் இப்படிச் செய்கிறோம். இதைத் தடுக்க நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை.

அந்தத் தாயாரும் மகனும் பங்குத் தந்தையைப் பார்த்தார்கள். ஓலை வாசிக்கப்படவில்லை. பெண் வீட்டாருக்குக் காரணம் சொல்வது எளிதாக இருக்கவில்லை, பேச்சு வாங்கினார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நிம்மதியாக வேறிடத்தில் திருமணம் நடந்தது. மகன் வீட்டில்தான் இருக்கிறான். ஞாயிறு பூசைக்கு அம்மாவோடு வருகிறான். அவன் என்ன செய்யப்போகிறான், எப்படி வாழப்போகிறான் என்பதற்கு எங்களிடம் ஆயத்தமான விடை இல்லை. கற்போடு வாழவேண்டும் என்று திருச்சபை அவனைக் கேட்கிறது. அது பெரிய சுமை. அந்தச் சுமையைத் தனியாகத் தூக்கும்படி விட்டுவிட்டு நாம் ஓலை வாசித்துக்கொண்டிருக்க முடியாது.

நடைமுறையில் இரண்டொன்று சொல்லி முடிக்கிறோம். திருமணத்துக்கு முன் குருவானவர் மணமகனையும் மணமகளையும் தனித்தனியே அழைத்து விசாரித்துக் கையெழுத்து வாங்குவது உங்களுக்குத் தெரியும். அதை வெறும் சடங்காகக் கருதி, ‘நாங்களும் கூட இருக்கிறோமே, சாமி' என்று பெற்றோர் அறைக்குள் வருகிறார்கள். இனி வரவேண்டாம் என்று பங்குத் தந்தை கேட்டுக்கொள்கிறார். அழைப்பிதழ் அச்சடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, நகையும் வாங்கிவிட்ட பிறகு விசாரணைக்கு வருவதால் மணமக்கள் மனம் திறப்பதில்லை. ஆகவே நிச்சயதார்த்தத்துக்கு முன்னரே வந்து வகுப்பில் சேரும்படி கேட்கிறோம். கோவிலில் நடந்த திருமணமாயினும் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொருந்தும் என்பதால், தொண்ணூறு நாட்களுக்குள் அதற்கானதைக் கவனிக்கவேண்டும். விவரம் பங்கு அலுவலகத்தில் கிடைக்கும்.

இப்போது கேள்வி நேரம். எழுந்து கேட்கத் தயங்குபவர்களுக்காக வாசலருகே ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். சீட்டில் பெயர் எழுத வேண்டியதில்லை. நாளைக்கும் பெட்டி அங்கேயே இருக்கும்.